படகிலேயே குடியிருக்கப் போகிறீர்களா? முதலில் ஓட்டைகளை எண்ணுங்கள்

கேள்வி இதுதான்: பத்து மீட்டர் நீளமுள்ள பழைய ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, இரண்டு பேர் ஒரு வருடம் அதிலேயே குடியிருக்க வேண்டும். பாதி நாள் மரினாவில், அதாவது வாடகைக்குப் படகு கட்டும் துறையில் கட்டிப்போட்டு, பாதி நாள் நங்கூரத்தில். தண்ணீர், கரண்ட், கழிப்பறை இவற்றுக்கு எவ்வளவு ஏற்பாடு வேண்டும், எது கெட்டுப்போகும்?

இந்தக் கேள்வியைக் கேட்கிற பலரும் மனதுக்குள் புயலை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நிறையப் படகுகள் மூழ்குவது அமைதியான தண்ணீரில், கட்டிப்போட்ட இடத்திலேயே, ஆள் இல்லாத நேரத்தில். ஒரு ரப்பர் குழாய் கழன்றிருக்கும், அல்லது ஒரு வால்வு இற்றுப்போயிருக்கும். என்னைக் கேட்டால், படகில் குடியிருப்பது என்பது நான்கு வகைத் தண்ணீரை அதனதன் இடத்தில் நிறுத்திவைக்கும் வேலை. கடல்நீர் வெளியே இருக்க வேண்டும். குடிநீர் தொட்டியில் இருக்க வேண்டும். கழிவுநீர் பூட்டியிருக்க வேண்டும். நான்காவது, கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் கலந்து சுவரிலும் மெத்தையிலும் ஊறுகிற ஈரம். இந்த நான்கும் சரியாக இருந்தால் மற்றதைப் பழகிக்கொள்ளலாம்.

கடல்நீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது ஒன்றுதான் உங்களுக்கு யோசிக்க நேரம் தராது. பத்து மீட்டர் படகில் நீர்மட்டத்துக்குக் கீழே வழக்கமாக ஆறு முதல் பத்து ஓட்டைகள் இருக்கும். இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் உள்ளே வரும் வழி, கழிப்பறைக்கு உள்ளே வர ஒன்று வெளியே போக ஒன்று, சமையல் தொட்டி வடிகால், உட்காரும் தளத்தின் மழைநீர் வடிகால்கள், ஆழமானி, வேகமானி, புரொப்பெல்லர் தண்டு. குழாய் போகிற ஒவ்வொன்றிலும் சீகாக் என்கிற வால்வு ஒன்று இருக்கும். வாங்கிய முதல் நாளே ஒரு தாளில் படகின் வடிவத்தை வரைந்து, எல்லா ஓட்டைகளையும் குறித்து, உள்பக்கம் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டிவையுங்கள். இருட்டில், முழங்கால் தண்ணீரில், எந்தப் பலகையைத் தூக்கினால் எந்த வால்வு என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

அவசரம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே 38 மி.மீ. விட்டமுள்ள ஒரு குழாய் முழுதாகக் கழன்றால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 140 லிட்டர் உள்ளே வரும். மணிக்கு 7,500 லிட்டர் என்று பெட்டியில் அச்சிட்ட மின்பம்ப் நிமிடத்துக்கு 125 லிட்டர் இறைக்கும் என்று தோன்றும். ஆனால் அது தண்ணீரை ஒரு மீட்டருக்கு மேல் தூக்கி, வளைவுகள் உள்ள குழாய் வழியாக, சற்று இறங்கிய வோல்ட்டேஜில் தள்ளும்போது அச்சிட்ட அளவில் பாதிதான் கிடைக்கும். அதனால் பம்பை நம்பிப் படகு மிதப்பதில்லை. ஓட்டையை அடைத்தால்தான் மிதக்கும். ஒவ்வொரு சீகாக் பக்கத்திலும் அந்தந்த அளவுக்குக் கூம்பு வடிவ மென்மர அடைப்பான் ஒன்றைக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எங்கோ வைத்தால், வேண்டிய நேரத்தில் அந்தப் பை கிடைக்காது.

சீகாக்கைப் பரிசோதிக்கும் முறை: கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பினால் மூடியது, குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்தது. மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் மூடித் திறக்க வேண்டும். செய்யாவிட்டால் உள்ளே சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். இறுகியதைப் பலங்கொண்டு திருப்பாதீர்கள். இற்றுப்போன உலோகம் கையோடு உடைந்து வந்துவிடும். அதைப் படகைக் கரையேற்றும்போதுதான் கழற்ற வேண்டும். கத்தி முனையால் உலோகத்தை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாகப் பளபளத்தால் நல்லது. செம்பு போல இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், சாதாரண பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறிவிட்டது என்று பொருள். பார்க்க முழுதாக இருக்கும், பிஸ்கெட் மாதிரி நொறுங்கும். அப்படி ஒன்று இருந்தால் மற்றதும் அதே வயதுதான். அடுத்த முறை கரையேற்றும்போது எல்லாவற்றையும் வெண்கலம் அல்லது ஃபைபர் கலந்த பிளாஸ்டிக் வால்வாக மாற்றிவிடுங்கள். குழாயைப் பிடிக்கும் கிளிப் இரண்டு வேண்டும், அதுவும் குழாய் மாட்டும் மூக்கு இரண்டுக்கும் இடம் தருகிற அளவு நீளமாக இருந்தால் மட்டும். குட்டையான மூக்கில் இரண்டாவது கிளிப் விளிம்பைத் தாண்டி உட்கார்ந்து குழாயை அறுத்துவிடும். கிளிப்பின் அடிப்பக்கத்தைக் கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். துரு அங்கேதான் ஆரம்பிக்கும், மேலே பளபளப்பாகவே இருக்கும்.

படகின் அடிவயிற்றுப் பள்ளத்தைப் பில்ஜ் என்பார்கள். குடியிருக்கும் படகில் அது எப்போதும் காய்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் காய்ந்த பில்ஜில்தான் புது ஒழுக்கு தெரியும். தண்ணீர் தேங்கியிருந்தால், எண்ணெய்ப் படலமோ கூலன்ட் நிறமோ இல்லை என்று பார்த்துக்கொண்டு, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வையுங்கள். உப்புக் கரித்தால் கடலிலிருந்து வருகிறது. கரிக்காவிட்டால் குடிநீர்த் தொட்டி, அல்லது மேல்தளத்தின் வழியாக மழை. பிறகு முழுவதும் துடைத்து, முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். மறுநாள் காலையில் தண்ணீர் வந்த தடம் பவுடரில் கோடு போட்டதுபோல இருக்கும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஒழுகும் இடம். தானியங்கிப் பம்புக்கு ஒரு கவுண்டர் மாட்டுவதும் நல்லது. நேற்று இரண்டு தடவை ஓடிய பம்ப் இன்று ஒன்பது தடவை ஓடியிருந்தால், தண்ணீர் பலகைக்கு மேலே வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

படகுகளை மூழ்கடித்த பட்டியலில் கழிப்பறையும் உண்டு. பல படகுகளில் கழிப்பறைக் கிண்ணத்தின் விளிம்பு நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். அதனால் உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் நீர்மட்டத்துக்கு மேலே நன்றாக வளைந்து ஏறி இறங்க வேண்டும், வளைவின் உச்சியில் காற்றை உள்ளே விடும் சிறு வால்வு இருக்க வேண்டும். இல்லையென்றால் டியூப் வைத்துக் கேனிலிருந்து தண்ணீர் எடுப்பது போலக் கடல் தானாகவே கிண்ணத்துக்குள் இழுபட்டு, விளிம்பைத் தாண்டி, இரவு முழுக்க வந்துகொண்டிருக்கும். அந்தச் சிறு வால்வில் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை கழற்றி வெந்நீரில் கழுவுங்கள். படகை விட்டு இறங்கும்போது கழிப்பறையின் இரண்டு சீகாக்குகளையும் மூடுவதை வீட்டுக் கதவைப் பூட்டுவது போலப் பழக்கமாக்கிவிட வேண்டும்.

கழிவுத் தொட்டி 50 லிட்டர் என்றால், கைப்பம்ப் கழிப்பறையில் இரண்டு பேருக்கு மூன்றிலிருந்து ஐந்து நாள். நாற்றத்துக்குக் காரணம் தொட்டியில் காற்று இல்லாததுதான். ஆக்சிஜன் கிடைக்காத இடத்தில் வளரும் பாக்டீரியாக்கள்தான் அழுகல் வாயுவை உண்டாக்குகின்றன. காற்றுக்குழாய் 25 மி.மீ.க்குக் குறையாமல், வளைவில்லாமல், குட்டையாக இருந்தால் பாதி நாற்றம் போய்விடும். மீதி, குழாயின் சுவரிலேயே ஊறிப்போனது. வெந்நீரில் நனைத்த துணியைக் குழாயின் வெளிப்பக்கம் சிறிது நேரம் சுற்றிவைத்து, ஆறியதும் துணியை முகர்ந்து பாருங்கள். துணி நாறினால் எந்த மருந்து ஊற்றியும் பயனில்லை, குழாயை மாற்ற வேண்டும். கடல்நீரும் சிறுநீரும் சேர்ந்து குழாய்க்குள் சுண்ணாம்புப் பாறை மாதிரி படியும், 38 மி.மீ. குழாய் சில வருடங்களில் கட்டைவிரல் நுழையாத அளவுக்குச் சுருங்கிவிடும். வாரம் ஒரு தடவை ஒரு கோப்பை வினிகரை இறைத்து, குழாய்க்குள் சில மணி நேரம் நிற்கவிட்டால் இது மெதுவாகும். எங்கே வெளியேற்றலாம் எங்கே கூடாது என்பது இடத்துக்கு இடம் மாறும், போகிற இடத்தின் சட்டத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரைத் தனியே பிரிக்கும் உலர் கழிப்பறை வைப்பதாக இருந்தால் இந்தக் குழாய், ஓட்டை, வால்வு எல்லாமே போய்விடும். இரண்டு பேருக்கு அதுதான் என் தேர்வு. சிறுநீர்க் கேனை நாள்தோறும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் காலி செய்ய மனம் ஒப்ப வேண்டும், அவ்வளவுதான்.

குடிநீர் அவ்வளவு சிக்கல் இல்லை. 250 லிட்டர் தொட்டி, ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்றால் எட்டு நாள் வரும். இந்த 15 லிட்டரைப் பத்தாகக் குறைக்க எளிய வழி கால்பம்ப். குழாயைத் திறந்தால் கொட்டும் மின்பம்ப் இருக்கும்வரை யாரும் சிக்கனமாக இருக்க மாட்டார்கள். காலால் மிதித்தால்தான் வரும் என்றால் தானாகவே குறையும். சுத்தமான கடலில் நங்கூரமிட்டிருந்தால் பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்து, கடைசியில் மட்டும் நல்ல தண்ணீரில் அலசலாம். மொத்தத் தண்ணீரும் ஒரே தொட்டியில் இருக்கக் கூடாது. ஒரு குழாய் விட்டுப்போனால் எல்லாம் பில்ஜுக்குப் போய்விடும், அதனால் 20 லிட்டர் கேன் இரண்டு எப்போதும் தனியே நிரம்பியிருக்கட்டும். வெளியே போகும்போது மின்பம்பின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். எந்தக் குழாயும் திறக்காதபோது இரவில் பம்ப் இரண்டு நொடி முனகி நின்றால், எங்கோ சொட்டுகிறது என்று அர்த்தம்.

பழைய தொட்டியைச் சுத்தம் செய்ய: வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச்சிங் திரவம், 100 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி. நிரப்பி, எல்லாக் குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை ஓடவிட்டு, நான்கு மணி நேரம் நிறுத்தி, முழுதும் வடித்து, இரண்டு தடவை நல்ல தண்ணீரால் அலசுங்கள். அலுமினியம், ஸ்டெயின்லெஸ் தொட்டிகளில் அந்த நேரத்தைத் தாண்டி விட்டுவைக்க வேண்டாம், குளோரின் உலோகத்தை அரிக்கும். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி மாட்டும் எண்ணமிருந்தால், அதன் சவ்வுக்கும் குளோரின்தான் எமன். குளோரின் கலந்த தண்ணீரால் அதைக் கழுவிவிட்டால் சவ்வு போய்விடும்.

இப்போது கரண்ட். இங்கேதான் எல்லோரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள், முதலில் பேட்டரி வாங்கிவிட்டுப் பிறகு கணக்குப் போடுகிறார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு என்பதே முதல் கேள்வி. 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர் எடுக்கும், வெயில் காலத்தில் நாளில் பாதி நேரம் ஓடும்: 48 ஏஹெச் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு). 40 வாட் லேப்டாப் இரண்டு, ஐந்து மணி நேரம்: 33. சிறு மின்விசிறி இரண்டு, பத்து மணி நேரம்: 10. விளக்குகள் 8. தண்ணீர்ப் பம்ப், போன், இரவு நங்கூர விளக்கு சேர்த்து 6. ஆக 105 ஏஹெச், அதாவது சுமார் 1.3 யூனிட். வீட்டுக் கணக்கில் இது ஒன்றுமே இல்லை. படகில் இதுதான் எல்லாம்.

லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். வெயில் இல்லாத இரண்டு நாளைத் தாங்க வேண்டுமென்றால் 420 ஏஹெச் வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 80 சதவீதம் வரை இறக்கலாம் என்பதால் 260 போதும், எடையும் பாதிக்குக் குறைவு. லெட் ஆசிட் சீக்கிரம் சாவதற்கு முக்கியக் காரணம் அதை யாரும் முழுதாக நிரப்பாததுதான். கடைசி 20 சதவீதம் ஏற மணிக்கணக்காகும். இன்ஜினை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால், மேலே உள்ள பகுதி எப்போதும் காலியாகவே கிடந்து தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிடும். சில மணி நேரம் எதுவும் ஓடாமல் வைத்திருந்து அளந்தால் 12.7 வோல்ட் முழுசு, 12.2 ஏறத்தாழப் பாதி. லித்தியத்தின் சிக்கல் வேறு: அது கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை நேரடியாக அதில் இணைத்தால், ஆல்டர்னேட்டர் முழுத் திறனில் மணிக்கணக்கில் ஓடிச் சூடேறிக் கருகிவிடும். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு மின்சுற்று நடுவில் சட்டென்று இணைப்பைத் துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் போகும். நடுவில், போகும் கரண்டை அளவோடு நிறுத்தும் டிசி-டிசி சார்ஜர் ஒன்று கட்டாயம்.

படுக்கைவாட்டில் வைத்த 400 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 1.2 யூனிட் அளவுக்குத் தரும், மேலே சொன்ன செலவுக்குக் கிட்டத்தட்டச் சரி. ஆனால் பாய்மரத்தின் நிழலோ ஒரு கயிற்றின் நிழலோ ஒரு ஓரத்தில் விழுந்தாலே அந்தப் பேனலின் உற்பத்தி பெரிதாக விழுந்துவிடும். இரண்டு பேனலை இருபக்கமும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி கன்ட்ரோலர் கொடுங்கள், ஒன்று நிழலில் இருந்தால் மற்றது வேலை செய்யும்.

வயரிங்கில் விட்டுக்கொடுக்கவே கூடாதது ஃபியூஸ். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பிரதான ஃபியூஸ் இருக்க வேண்டும். ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் தரக்கூடிய பொருள் அது, ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயர் முழுக்க எரியும். வயர் வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்கட்டும். சாதாரண வயரின் நுனியை ஒரு சென்டிமீட்டர் உரித்துப் பாருங்கள், செம்பு கறுத்திருக்கும். இன்னும் பத்து சென்டிமீட்டர் உரித்தாலும் கறுப்புதான், உப்புக் காற்று இழைகளுக்கு நடுவே உறைக்குள்ளேயே ஏறியிருக்கும். மரினாவில் கரை மின்சாரம் எடுக்கும்போது, ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடியபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதென்றால் பின்கள் தளர்ந்துவிட்டன, படகில் தீப்பிடிக்கும் முக்கிய இடங்களில் அது ஒன்று. அந்தக் கரை மின்சாரத்தின் எர்த் வயர் உங்கள் படகையும் பக்கத்துப் படகையும் தண்ணீருக்குள் ஒரே பேட்டரியாக்கிவிடும். அரிக்கப்படுவதற்காகவே மாட்டிய உங்கள் துத்தநாகத் துண்டு பக்கத்துக்காரரின் உலோகத்தைக் காப்பாற்றிக் கரைந்துபோகும். கால்வானிக் ஐசொலேட்டர் என்ற சிறு பெட்டி இதைத் தடுக்கும். இப்படிக் கரைவதற்கான துண்டுகளில் துத்தநாகம் உப்புநீருக்கு, மெக்னீசியம் நன்னீருக்கு, அலுமினியம் இரண்டுக்கும். பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். இன்னொன்று, கரை மின்சாரம் உள்ள மரினாவில் தண்ணீரில் இறங்கி நீந்தவே கூடாது. ஏதோ ஒரு படகிலிருந்து கசியும் மின்சாரம் கை கால்களைச் செயலிழக்கச் செய்து மூழ்கடித்துவிடும், நன்னீரில் இந்த ஆபத்து மிக அதிகம்.

சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் தண்ணீர் போலவே கீழே வழிந்து பில்ஜில் தேங்கும். வீட்டில் ஜன்னலைத் திறந்தால் போகும், படகில் போக வழியில்லை. அதனால் சிலிண்டர் இருக்கும் பெட்டி உட்புறத்தோடு தொடர்பில்லாமல் மூடியிருக்க வேண்டும், அதன் அடியிலிருந்து வெளிப்பக்கமாக, நீர்மட்டத்துக்கு மேலே திறக்கும் வடிகால் வேண்டும். சோதனை எளிது: அடுப்பை மூடி, சிலிண்டரைத் திறந்து மறுபடி மூடி, அழுத்தமானியைப் பத்து நிமிடம் கவனியுங்கள். முள் இறங்கினால் கசிகிறது, சோப்பு நுரை தடவி இடத்தைக் கண்டுபிடிக்கலாம். ரப்பர் குழாயில் அச்சிட்ட வருடத்தைப் பார்த்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தூங்கும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்குவது உயிரை வாங்கும் பழக்கம்.

அந்தப் பழக்கம் நான்காவது தண்ணீரையும் கூட்டும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. இரண்டு பேர் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் அளவுக்கு விடுகிறார்கள். குளிர்காலத்தில் வெளியே தண்ணீர் சில்லென்றிருக்கும், படகின் சுவர் மெல்லிய ஃபைபர், உள்ளே வெதுவெதுப்பு. நீர் சுவரில் வியர்த்து வழிந்து, மெத்தைக்கு அடியில் சேரும். காலையில் மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள், பலகை ஈரமாக இருக்கும், ஒரு மாதம் விட்டால் மெத்தையின் அடியில் கறுப்புப் பூஞ்சணம் புள்ளி புள்ளியாகப் பூத்திருக்கும். பலகைக்கும் மெத்தைக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர் காற்றோட்டம் கொடுக்கும் வலை அல்லது மரச்சட்டம் போடுங்கள். சுவரோடு ஒட்டித் துணிமணிகளை அடுக்காதீர்கள். அலமாரிக் கதவுகளில் துளை வேண்டும். குளிருக்கு டீசல் ஹீட்டர் சிறந்தது, எரிந்த புகையும் ஆவியும் வெளியே போய்விடும், உலர்ந்த சூடு மட்டும் உள்ளே வரும். மரினாவில் ஈரம் உறிஞ்சும் கருவி வைக்கலாம். கம்ப்ரெசர் வகை 15 டிகிரிக்குக் கீழே சோம்பிவிடும், குளிரான இடத்தில் ஈரத்தை உறிஞ்சும் பொருள் கொண்ட டெசிகன்ட் வகைதான் சரி.

நங்கூரத்தில் பாதி நாள் என்றீர்கள். பெரும்பாலோர் தப்பு செய்வது கணக்கில்தான். கீழே விடும் சங்கிலியின் நீளம் ஆழத்தைப் போல ஐந்து மடங்கு என்பது விதி. ஆனால் ஆழம் எது? இப்போது மானியில் 5 மீட்டர் தெரியலாம். அலை ஏற்றத்தில் இன்னும் 2 மீட்டர் ஏறும். படகின் அணியம், அதாவது முன்முனை, தண்ணீருக்கு மேலே 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக 8 மீட்டர், ஐந்து மடங்கு 40. மானியை மட்டும் பார்த்து 25 மீட்டர் விட்டவரின் படகு நள்ளிரவு ஏற்றத்தில் மூன்று மடங்கில்தான் நிற்கும். பெரும்பகுதி கயிறாக இருந்தால் ஏழு மடங்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகும், அதனால் காற்று ஏறும்போது சங்கிலியைக் கூடுதலாக விடத் தயங்காதீர்கள்.

நங்கூரம் தரை தொட்டதும் சங்கிலியைக் குவியலாகக் கொட்டாமல், படகு பின்னால் நகர நகர விடுங்கள். முழு நீளமும் போனபின் இன்ஜினை மெதுவாகப் பின்னோக்கிக் கொடுத்து, சிறிது சிறிதாகக் கூட்டி, ஒரு நிமிடம் நிறுத்திப் பிடியுங்கள். அப்போது உள்ளங்கையைச் சங்கிலி மேல் வையுங்கள். நங்கூரம் பிடித்திருந்தால் சங்கிலி விறைத்து அமைதியாக இருக்கும். இழுபட்டுக்கொண்டிருந்தால் கரகரவென்று அதிர்வு கையில் ஏறும், கல்மேல் தகரத்தை இழுப்பது போல. கூடவே கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு பொருளை, ஒரு கம்பமும் அதற்குப் பின்னால் ஒரு கூரையும் என்று, பார்வையில் பிடித்துக்கொள்ளுங்கள். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போனால் நகர்கிறீர்கள். பிடித்தபின் நைலான் கயிறு ஒன்றை எட்டு மீட்டர் அளவில் சங்கிலியில் கொக்கி போட்டு அணியத்தில் கட்டி, பாரம் முழுவதும் கயிற்றில் விழும்படி செய்யுங்கள். நைலான் நீண்டு கொடுக்கும், அலையின் உதறலை அது வாங்கிக்கொள்ளும், இரவில் சங்கிலிச் சத்தமும் தூக்கத்தைக் கெடுக்காது. இந்த அளவுப் படகுக்கு 15 முதல் 20 கிலோ நங்கூரம், 8 மி.மீ. சங்கிலி. சங்கிலி மீட்டருக்கு 1.4 கிலோ, 50 மீட்டர் என்றால் 70 கிலோ. கையால் இழுத்து ஏற்றும் எண்ணம் இருந்தால் இந்தக் கணக்கை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் பற்றி ஒன்று மட்டும். டீசல் இன்ஜின் கிளம்பாமல் நீண்ட நேரம் சுற்றவிட்டால், குளிர்விக்கும் கடல்நீர் சைலன்சரில் நிரம்பி, புகை தள்ளாததால் திரும்பி சிலிண்டருக்குள் ஏறும். இன்ஜினே போய்விடும். இரண்டு முயற்சியில் கிளம்பவில்லையென்றால் கடல்நீர் சீகாக்கை மூடிவிட்டுச் சுற்றுங்கள், கிளம்பிய மறுநொடி திறக்க மறக்காதீர்கள், சாவியில் ஒரு துணியைக் கட்டிவைத்தால் நினைவிருக்கும். தண்ணீர் இறைக்கும் ரப்பர் இம்பெல்லரின் இதழ் உடைந்திருந்தால் புதிதை மாட்டுவதோடு நிற்காமல், உடைந்த துண்டையும் தேடி எடுக்க வேண்டும். அது குழாயில் முன்னே போய் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில் அடைத்து நிற்கும்.

வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ ஒருமுறை படகைக் கரையேற்றி அடிப்பாகத்துக்குப் பாசி பிடிக்காத பெயின்ட் அடிக்க வேண்டும். அந்த நாட்களில் படகு கால்களின்மேல் மூன்று மீட்டர் உயரத்தில் நிற்கும், கழிப்பறையோ சமையல் தொட்டியோ பயன்படுத்த முடியாது, ஏணியில் ஏறி இறங்கித்தான் எல்லாம். செலவுக் கணக்கில் அந்த வாரத்துக்குத் தங்க வேறு இடத்தையும் சேர்த்துவிடுங்கள். மரினாக்கள் பலவற்றில் படகைக் கட்டலாம், ஆனால் குடியிருக்க அனுமதி கிடையாது, பணம் கட்டும்முன் கேட்டுவிடுங்கள். அட்டைப்பெட்டிகளை உள்ளே கொண்டுவராதீர்கள், கரையிலேயே பிரித்துப் போட்டுவிடுங்கள். அட்டையின் அடுக்குகளுக்குள் கரப்பான் முட்டை ஒட்டிக்கொண்டு வரும், படகில் நுழைந்த கரப்பானை விரட்டுவது பெரும்பாடு.

படகுக்கும் கரைக்கும் இடையே போகும் சிறுபடகில்தான் உண்மையான உயிர் ஆபத்து இருக்கிறது. பின்மோட்டார் நின்றுவிட்டால், கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று ரப்பர் படகைச் சருகு மாதிரி கொண்டுபோய்விடும். துடுப்புகளையும் ஒரு சிறு நங்கூரத்தையும் அதிலிருந்து ஒருநாளும் எடுக்காதீர்கள். காற்றில்லாத ஒரு நாளில் மோட்டாரை நிறுத்திவிட்டு 200 மீட்டர் துடுப்புப் போட்டுப் பாருங்கள். காற்றடைத்த படகு துடுப்புக்கு எவ்வளவு மோசம் என்று அப்போதே தெரியட்டும். இரவில், குடித்துவிட்டு, லைஃப் ஜாக்கெட் இல்லாமல் திரும்புவது இந்த வாழ்க்கையில் ஆட்கள் சாகிற வழி. குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும், நீந்த முயலாமல் மிதந்தபடி மூச்சைச் சீராக்கிக்கொள்ள வேண்டும். அதன்பின் கையும் விரலும் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய பத்து நிமிடம்தான். குளிர் உடலுக்குள் ஏறி மயக்கம் வர ஒரு மணி நேரம் ஆகலாம், ஆனால் கை வேலை செய்யாதவரால் அதுவரை மிதக்க முடியாது.

ஆகவே குடியேறும் முன் இதைச் செய்து பாருங்கள். இளஞ்சூடான ஒரு பகலில், மற்றவர் மேலே நிற்க, முழு உடையோடு தண்ணீரில் இறங்கி, யாருடைய உதவியும் இல்லாமல் படகில் ஏற முயலுங்கள். ஏணியைத் தண்ணீரிலிருந்தே இழுத்துக் கீழே விட முடிகிறதா, அதன் கடைசிப் படி நீர்மட்டத்துக்குக் கீழே அரை மீட்டராவது இறங்குகிறதா என்று அப்போதுதான் தெரியும். இல்லையென்றால், சோலாரும் பேட்டரியும் வாங்கும் முன் அந்த ஏணியை மாற்றுங்கள்.